வாசமில்லாத மருந்து

பொங்கல் கழிந்துவிட்டால் மசினகுடிக் காடு காய ஆரம்பித்துவிடும். மோயாற்றுப் பக்கத்துப் புல் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். மூங்கில் சருகு உதிர்ந்து, கால் வைத்த இடமெல்லாம் நொறுங்கும். உண்ணிச்செடி மட்டும் அந்த வறட்சியிலும் பூவும் காயுமாக நிற்கும். அந்த மாதங்களில் விறகுக்குப் போய்விட்டு வரும் அப்பாயி நேரே வீட்டுக்குள் நுழையமாட்டாள். மாட்டுக்கொட்டில் ஓரமாகச் சுமையை இறக்கிப் போட்டுவிட்டு, சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு துவைக்கிற கல்லில் உட்காருவாள். "சிம்னியக் கொண்டாடா" என்று குரல் வரும். விளக்கைப் பிடித்துக்கொண்டு, அவள் காலில் ஊரும் பொடி உண்ணிகளைப் பொறுக்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போடுவது என் வேலை. 1970களின் கடைசி அது. எனக்கு எட்டோ ஒன்பதோ வயது.

கடுகில் பாதிகூட இராது அந்த உண்ணி. ஒரு இலையில் கால் உரசினால் போதும், கூட்டமாக ஏறிவிடும். தாய் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், குஞ்சுகள் ஒரே இடத்தில் பொரிந்து அப்படியே காத்திருக்கும் என்பதை நான் புத்தகத்தில் படித்தது பிற்பாடு. அப்பாயியின் கணுக்காலில் பார்த்தது முதலில்.

தாத்தா, மோயாறு மின்நிலைய வேலைக்காக முசிறிப் பக்கத்திலிருந்து வந்தவர். வேலை முடிந்தபிறகு ஊர் திரும்பவில்லை. நான்கு மாடு பிடித்துக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். மசினகுடியில் மாடு வைத்திருப்பது பாலுக்காக மட்டும் இல்லை. சாணம் எருவாகி லாரி லாரியாகக் காப்பித் தோட்டங்களுக்குப் போகும். மாடு காட்டுக்குள் மேயும். மாட்டோடு உண்ணியும் வீட்டுக்கு வரும். மாட்டின் காதுமடலில் புளியங்கொட்டை போல ஊதித் தொங்குவதும், நம் காலில் தூசு போல ஊருவதும் ஒரே சாதி என்று நம்பவே எனக்கு வெகுநாள் ஆனது.

காட்டுக்குப் போகுமுன் பூசிக்கொள்ள அப்பாயியிடம் ஒரு குப்பி இருந்தது. பழைய இருமல் மருந்துக் குப்பி, வாய்க்குத் துணி அடைப்பு. உள்ளே வேப்பெண்ணெய், நசுக்கிப் போட்ட கற்பூரம், ஊறிக் கறுத்த புகையிலைக் காம்பு. குதிகாலில் ஆரம்பித்து முழங்கால் வரை இழுத்துத் தேய்ப்பாள். எங்களுக்கும் தேய்த்துவிடுவாள். "வாடை தூக்கணும். அப்பத்தான் கிட்ட அண்டாது" என்பாள். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். வாடை எவ்வளவு தூக்குகிறதோ அவ்வளவு வீரியம் என்பதுதான் அந்த வீட்டில் மருந்துக்கு இருந்த அளவுகோல். குப்பியில் எது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. காலையில் பூசியது எப்போது தீர்ந்துபோகிறது என்பதும் தெரியாது. பத்து மணிக்குள் வியர்வையில் வழிந்து போய்விடும். மாலையில் கிண்ணமும் சிம்னியும் தேவைப்பட்டதற்குக் காரணம் அதுதான்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கைக்கு எட்டியதை வைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றப் பார்த்தவள். வேம்புக்குப் பூச்சியை விலக்கும் குணமும் உண்டு. ஆனால் புகையிலை விஷயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். ஒருமுறை சின்ன அத்தை புகையிலைத் தண்ணீரில் துணியை நனைத்து இரண்டு காலிலும் சுற்றிக் கட்டிக்கொண்டு விறகுக்குப் போனாள். அவளுக்குப் பதினான்கு வயது இருக்கும். வழியில் மழை. மத்தியானம் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரே வாந்தி, உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை, எழுந்து நிற்க முடியாத கிறுகிறுப்பு. காத்து கருப்பு என்று வேப்பிலை அடித்தார்கள். ஈரத் தோல் வழியாக நிக்கோடின் உடம்புக்குள் இறங்கும், புகையிலை அறுவடைக்குப் போகும் கூலிகளுக்கு இதே வாந்தியும் கிறுகிறுப்பும் வரும் என்று நான் படித்தபோது அத்தை பாட்டியாகிவிட்டிருந்தாள்.

கடித்த உண்ணியை எடுக்கும் முறை இன்னும் மோசம். பீடிக் கங்கை அருகே கொண்டுபோவார்கள்; சுண்ணாம்பு தடவுவார்கள்; மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள். என் இடது முழங்காலின் பின்பக்கம் அரைக் காசு அளவில் ஒரு தழும்பு இருக்கிறது. உண்ணி விட்ட தழும்பு அல்ல, பீடி விட்டது. சூடோ எண்ணெயோ பட்டுத் திணறும் உண்ணி தன் எச்சிலை நம் உடம்புக்குள் கக்கக்கூடும், அதில்தான் கிருமி இருக்கிறது என்று இன்றைக்கு மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். முனை மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், திருகாமல், நேராக மேலே இழுக்கவேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். அதிக விலை இல்லாத சின்ன இடுக்கி போதும்.

நாங்கள் உண்ணியைப் பொறுக்கிக்கொண்டிருந்த அதே மலைத்தொடரில், வடக்கே சில நூறு கிலோமீட்டர் தள்ளி, அது மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்தது. 1957இல் சிவமொக்கா மாவட்டம் சொரபா தாலுகாவில், கியாசனூர்க் காட்டில், குரங்குகள் கொத்துக்கொத்தாகச் செத்து விழுந்தன. கூடவே காட்டோர கிராமங்களில் கடும் காய்ச்சல், உடல் வலி, சிலருக்கு ரத்தக் கசிவு. மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்துவிட்டதோ என்றுதான் முதலில் பயந்தார்கள். பூனாவின் வைரஸ் ஆய்வு மையத்தினர் போய் ஆராய்ந்தபோது அது புதிய வைரஸ் என்று தெரிந்தது. குரங்கைக் கடித்த காட்டு உண்ணி மனிதனையும் கடிப்பதால் வருவது. கன்னடத்தில் 'மங்கன காயிலே' என்கிறார்கள்; தமிழில் குரங்குக் காய்ச்சல். நோய் கண்ட நூறு பேரில் மூன்றிலிருந்து ஐந்து பேர்வரை இறக்கிறார்கள். இதற்கென்று தனி மருந்து இன்றுவரை இல்லை. பல ஆண்டுகள் போட்டுவந்த தடுப்பூசியும் போதிய பலன் தராததால் 2022இல் நிறுத்தப்பட்டது.

அதே 1957இல்தான் அமெரிக்காவில் டீட் என்ற பூச்சி விரட்டி பொதுமக்கள் கைக்கு வந்தது. 1946இல் ராணுவத்துக்காக உருவாக்கப்பட்ட மருந்து அது. நோயும் அதைத் தடுக்கும் மருந்தும் ஒரே வருடத்தில் வெளிச்சத்துக்கு வந்திருக்கின்றன. ஆனால் மருந்து ஒரு கண்டத்தில், நோய் இன்னொரு கண்டத்தில். அப்பாயி சாகும்வரை அந்த மருந்தின் பெயரைக் கேள்விப்படவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

2012 கடைசியில் பந்திப்பூரில் குரங்குகள் செத்துக் கிடந்த செய்தி வந்தது. குரங்குக் காய்ச்சல்தான். பந்திப்பூரும் எங்கள் முதுமலையும் இரண்டு பெயர் கொண்ட ஒரே காடு. 2015இல் வயநாட்டில் பெரிய அளவில் பரவியது. கோயம்புத்தூரில் வேலையாக இருந்த நான், பந்திப்பூர்ச் செய்தி வந்த அன்றைக்கே ஊரில் இருந்த அண்ணனுக்குப் போன் போட்டு, செத்த குரங்கு கிடந்தால் கிட்டே போகாதே என்றேன். உயிர் போன குரங்கின் உடம்பிலிருந்து உண்ணிகள் இறங்கி அந்த இடத்தைச் சுற்றியே பரவிக் கிடக்கும். வனத்துறைக்கும் சுகாதார நிலையத்துக்கும் சொல்லிவிட்டு விலகி நிற்பதுதான் சரி.

பிறகு அண்ணனுக்கே காய்ச்சல் வந்தது. அது குரங்குக் காய்ச்சல் இல்லை. முதலில் பார்த்த இடத்தில் ஐந்து நாள் காய்ச்சல் மாத்திரையும் ஊசியுமாகப் போட்டார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி யாரும் பார்க்கவில்லை. கோயம்புத்தூருக்குக் கூட்டிவந்தபோது ஒரு இளம் மருத்துவர் அக்குளைத் தூக்கிப் பார்த்தார். சிகரெட் சுட்டதுபோல ஒரு கருகிய புண். "காட்டுப் பக்கமா?" என்று மட்டும் கேட்டார். டாக்சிசைக்ளின் கொடுத்து இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது. ஸ்க்ரப் டைபஸ். தமிழ்ப் பத்திரிகைகள் இதை 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுகின்றன. உண்மையில் இதைக் கொண்டுவருவது உண்ணி அல்ல, அதைவிடச் சிறிய சிலந்திப்பேனின் குஞ்சு. புதரில் காத்திருந்து ஏறும் விதம் ஒன்றுதான் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. பூசும் மருந்தைப் பொறுத்தவரை நல்ல செய்தி, இரண்டையும் ஒரே குப்பியால் தடுக்கலாம்.

அந்தக் குப்பி எது என்று அன்றிலிருந்து தேடத் தொடங்கினேன். தேடினால்தான் தெரிகிறது, அப்பாயி காலத்து அளவுகோல் இன்னும் போகவில்லை. அப்போது வாடை தூக்கவேண்டும், இப்போது மணக்கவேண்டும். எலுமிச்சைப் புல், லாவண்டர், 'முற்றிலும் இயற்கை' என்று பச்சை இலைப் படம். பூசினால் மனதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. எலுமிச்சைப் புல் வகை எண்ணெய்கள் சீக்கிரம் காற்றில் பறந்துவிடும்; ஒரு பகல் முழுக்கப் புதரில் நிற்கிறவருக்குத் துணை நிற்காது. கையில் மாட்டும் வாசனை வளையம் காலில் ஏறும் உண்ணியை என்ன செய்யும்? காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவிகளை நம்பிக் காட்டுக்குள் போகாதீர்கள்.

ஊட்டியில் வாங்கிவரும் நீலகிரித் தைலம் என்னும் யூகலிப்டஸ் எண்ணெயையும் இங்கே சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் பலர் அதைக் காலில் பூசிக்கொண்டு போகிறார்கள். எலுமிச்சை யூகலிப்டஸ் என்ற வேறொரு மரத்தின் எண்ணெயைப் பக்குவப்படுத்தி, பி.எம்.டி. என்ற பொருளைச் செறிவாக்கிச் செய்யும் மருந்து ஒன்று உண்டு. அது அளந்து சோதித்து ஒப்புக்கொள்ளப்பட்ட விரட்டி. மூன்று வயதுக்குக் கீழ் பூசக்கூடாது. நீலகிரித் தைலம் அது அல்ல. சளிக்கு நல்லது, உண்ணிக்கு நம்பமுடியாது.

நான் கடைசியில் வந்து நின்றது மூன்று பெயர்களில். தோலுக்கு டீட் அல்லது பிக்காரிடின். துணிக்குப் பெர்மெத்ரின்.

டீட் குப்பியில் பார்க்கவேண்டியது சதவீதம். அது வேகத்தைக் காட்டும் எண் என்று நினைத்திருந்தேன். எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைத்தான் அது காட்டுகிறது. உண்ணிக்கு 20 முதல் 30 சதவீதம் வேண்டும். நம் ஊரில் கொசுவுக்கென்று நான் வாங்கிப் பார்த்த ஒரு களிம்பில் மருந்தின் அளவு 12 சதவீதம். பெட்டியில் உண்ணி என்ற சொல்லே இல்லை. 50 சதவீதத்துக்கு மேல் போனாலும் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. குழந்தைகளுக்கு 30 சதவீதத்தைத் தாண்டவேண்டாம், இரண்டு மாதம் ஆகாத சிசுவுக்குப் பூசவே கூடாது, சிறு பிள்ளைகளின் கையில் தடவக்கூடாது, ஏனென்றால் கை வாய்க்குப் போகும். ஆடைக்கு அடியில் மறையும் தோலில் பூசவேண்டியதில்லை. வெயில் களிம்பு பூசுகிறவர்கள் அதை முதலில் பூசிவிட்டு இதை மேலே பூசவேண்டும். வீடு திரும்பியதும் சோப்பால் கழுவிவிடவேண்டும். பிளாஸ்டிக்கை இது அரிக்கும். கைக்கடிகாரத்தின் பிளாஸ்டிக் கண்ணாடி எனக்கு ஒரே மாதத்தில் மங்கிப்போனது. பருத்தித் துணிக்கு ஒன்றும் ஆகாது.

பிக்காரிடின் 1980களில் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் உருவாக்கியது. 20 சதவீதத்தில் உண்ணிக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. பிளாஸ்டிக்கைத் தொடாது, பிசுபிசுப்பு இல்லை, வாசமும் கிட்டத்தட்ட இல்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் இரண்டு குப்பி கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒன்று மசினகுடிக்குப் போனது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பெர்மெத்ரின் 1973இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட்டின் குழு கண்டுபிடித்தது. சாமந்தி இனப் பூ ஒன்றில் இயற்கையாக இருக்கும் பூச்சிக்கொல்லியைப் பார்த்துச் செயற்கையாகச் செய்தது. இதைத் தோலில் பூசக்கூடாது. 0.5 சதவீதக் கரைசலைக் காற்சட்டை, காலுறை, காலணி மேல் தெளித்து நன்றாகக் காயவிட்டு அணியவேண்டும். பல சலவைக்குத் தாங்கும். துணியில் ஏறும் உண்ணியை இது விரட்டுவதோடு கொல்லவும் செய்யும். ஈரமாக இருக்கும்போது பூனைக்கு விஷம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். துணிக்கு அடிக்கும் கரைசல் நான் தேடிய கடைகளில் கிடைக்கவில்லை. அது கிடைக்காததால், மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைத் தண்ணீரில் கலந்து சட்டையில் அடித்துக்கொள்ளும் பழக்கத்தை எங்கள் ஊரில் என் கண்ணாலேயே பார்த்தேன். மாட்டு மருந்தின் செறிவு வேறு, அதில் கலந்திருக்கும் கரைப்பான் வேறு. நாய்க்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தும் அப்படித்தான். உங்கள் உடம்புக்கு அவை வேண்டாம்.

எதைப் பூசினாலும் எங்கே பூசுகிறோம் என்பது முக்கியம். உண்ணி பறக்காது, குதிக்காது, மரத்திலிருந்து நம் தலையில் விழுவதும் இல்லை. புல்லின் நுனியில் ஏறி, முன்னங்கால்களை விரித்து நிற்கும். நம் மூச்சுக்காற்றையும் உடம்புச் சூட்டையும் வியர்வை மணத்தையும் உணரும் உறுப்பு அந்த முன்னங்காலில்தான் இருக்கிறது. நாம் உரசும் நொடியில் பற்றிக்கொண்டு கீழிருந்து மேலே நடக்கும். அதனால் காலணி, கணுக்கால், காற்சட்டை விளிம்பு, இடுப்பு என்று கீழே இருந்து காவல் போடவேண்டும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகவேண்டும். குதிகாலில் ஆரம்பித்து மேலே தேய்த்தாளே அப்பாயி, அந்த ஒன்று அவளுக்குச் சரியாகவே தெரிந்திருந்தது. வந்ததும் உடம்பைப் பார்ப்பதும் அப்படித்தான். சிம்னி விளக்கு போய் கைப்பேசி வெளிச்சம் வந்திருக்கிறது. காதுக்குப் பின்னால், அக்குள், தொப்புள், தொடையிடுக்கு, முழங்காலின் பின்பக்கம், தலைமுடி எல்லாம் பார்த்துவிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் குளித்துவிடவேண்டும். போட்டிருந்த துணி வெந்நீருக்குப் போகவேண்டும்.

போன தையில் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணி இப்போது உண்ணிச்செடி வெட்டும் கூலி வேலைக்குப் போகிறார். காட்டை மூடிவிட்ட அந்தச் செடியை வேரோடு பிடுங்கிப் போடுவது நல்ல வேலைதான். புல் முளைத்தால் மானுக்கும் யானைக்கும் உணவு. ஆனால் உண்ணிக்கு அந்தச் செடிப் புதரைவிட வசதியான இடம் வேறு இல்லை. காலை எட்டிலிருந்து மாலை நான்குவரை பெண்கள் அதற்குள் குனிந்து நிற்கிறார்கள். வேலை கொடுத்தவர்கள் அரிவாளும் கையுறையும் கொடுத்திருந்தார்கள். பூசிக்கொள்ள ஒன்றும் கொடுக்கவில்லை. அண்ணியின் கூடைக்குள் ஒரு குப்பி இருந்தது. துணி அடைப்பு. திறக்காமலே தெரிந்தது, வேப்பெண்ணெயும் கற்பூரமும்.

நான் கொண்டுபோன பிக்காரிடின் குப்பியைக் கொடுத்து, கணுக்காலிலிருந்து பூசக் காட்டிக்கொடுத்தேன். உள்ளங்கையில் விட்டு முகர்ந்து பார்த்தார்.

"வாசமே இல்லியே தம்பி. இதுக்கா உண்ணி பயப்படும்?"

"நமக்குத்தான் அண்ணி வாசமில்ல. சாயங்காலம் பாத்துட்டுச் சொல்லுங்க."

மாலையில் கொட்டில் ஓரத்தில் நின்று அண்ணனின் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தார்கள். காலில் ஒன்றும் இல்லை. பூசாமல் விட்ட முழங்கையில் ஒன்று, இன்னும் கடிக்காமல் ஊர்ந்துகொண்டிருந்தது. அண்ணி கேட்ட அடுத்த கேள்விக்குத்தான் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

"இது தீந்துட்டா எங்க வாங்கறது தம்பி? கூட வேல செய்யறவங்க பதினோரு பேரு இருக்காங்க."

குவாலியரில் உள்ள நம் பாதுகாப்புத் துறையின் ஆய்வகம் டெபா என்ற விரட்டியை இங்கேயே உருவாக்கியிருக்கிறது. நம் நாட்டிலேயே செய்யக்கூடியது. கர்நாடகத்தில் குரங்குக் காய்ச்சல் உள்ள கிராமங்களுக்கு முன்பு டி.எம்.பி. என்ற விரட்டி எண்ணெய் கொடுத்தார்கள், இப்போது டெபா எண்ணெயை இலவசமாகக் கொடுக்கிறார்கள். முதுமலைப் பக்கத்தில் நிற்பதும் அதே காடு, அதே குரங்கு, அதே உண்ணி. கார்த்திகையில் தொடங்கி வைகாசிவரை பொடி உண்ணியின் காலம். காட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்களே, அரிவாள் கொடுக்கும் கையால் ஆளுக்கொரு குப்பியும் கொடுங்கள். பதினோரு பேருக்கும் கொடுங்கள். கார்த்திகை பிறக்குமுன் கொடுங்கள்.